பதினாலு நாள் ஓட்டம், ஏழு நாள் வீடு என்று சொல்லி மீன் வண்டிக்கு ஆள் எடுத்தால்

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கம் ஹெவி லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிற பையன்கள் இப்போது அடிக்கடி வந்து கேட்கிறார்கள். அண்ணே, மீன் கம்பெனி வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள், 14 நாள் ஓட்டினால் 7 நாள் வீட்டில் இருக்கலாமாம், மாதச் சம்பளமாம், டிரிப்புக்குத் தனியாகப் பேட்டாவாம், போகலாமா என்று. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். போகலாம், தப்பில்லை. ஆனால் நான் போனபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் என் கையில் மிஞ்சியிருக்கும். வீட்டில் சண்டையும் பாதியாகக் குறைந்திருக்கும்.

முதலில் இந்த முறை எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். இரண்டு வண்டிக்கு மூன்று டிரைவர். எந்த நேரமும் இரண்டு பேர் வண்டியில், ஒருத்தர் வீட்டில். 21 நாளுக்கு ஒரு சுற்று முடியும். முதலாளிக்கு வண்டி நிற்காது, நமக்கும் உடம்பு தேறும், ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்னால் ஜல்லி, செங்கல் என்று உள்ளூர் லோடு ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் டீக்கடை பெஞ்சு என்ற நிலைமை மாறினால் போதும் என்றிருந்தது. சம்பளம் மாதம் 24,000 என்றார்கள். முதல் மாதம் கையில் வந்தது 16,000. ஏன் என்று கேட்டதற்கு மேனேஜர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 24,000ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 800, மாதத்தில் நீ வண்டியில் இருப்பது 20 நாள், ஆக 16,000. “வீட்ல படுத்திருக்க நாளுக்கெல்லாம் யாரு தம்பி சம்பளம் குடுப்பா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்படியென்றால் அது மாதச் சம்பளம் இல்லை, தினக்கூலி. மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால் வேலையில் சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தச் சம்பளம் 30 நாளுக்கா, வண்டி ஏறுகிற நாளுக்கு மட்டுமா என்பது. வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். “சம்பளம் மாசம் இவ்வளவு, ஆஃப் நாளுக்கும் உண்டுனு சொன்னீங்க, சரிதானே அண்ணே” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, அவர் ‘ம்’ என்று பதில் போட்டாலும் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இந்த 14, 7 என்ற எண்ணிக்கையை யார் எண்ணுகிறார்கள் என்பது. மற்ற லோடு வண்டிகளில் வராத சிக்கல் ஒன்று மீன் வண்டியில் உண்டு. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. போன படகு மறுநாள் காலையில் கரை சேரும், ஏலம் முடிந்து, ஐஸ் உடைத்துப் போட்டுப் பெட்டி கட்டி ஏற்றுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், இராத்திரி முழுக்க ஓட்டம். இறால், நண்டு, கணவாய் என்றால் பெரும்பாலும் தூத்துக்குடி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு, மற்ற மீன் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு. இடையில் வண்டி ஹார்பரில் சும்மா நிற்கிற நாட்களும் நாம் வண்டியை விட்டு நகர முடியாத நாட்கள்தான், ஆனால் டிரிப்பு இல்லாததால் பேட்டா கிடையாது. இதுகூடப் பரவாயில்லை. வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் மீன்வளத்துறை கடலுக்குப் போகிற அனுமதி டோக்கன் கொடுக்காது, படகு போகாது. இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போனால் மீனவர் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கும், அது ஒரு நாளிலும் முடியும், வாரக்கணக்கிலும் இழுக்கும். அந்த நாட்களில் “தம்பி, வீட்டுக்குப் போய்ட்டு வா” என்பார்கள். நாமும் சந்தோஷமாகப் போவோம். மாதக் கடைசியில் பார்த்தால் அந்த நாட்கள் எல்லாம் ஆஃப் கணக்கில் ஏறியிருக்கும். ஒரு ஐப்பசியில் என் 14 நாள் ஓட்டத்தின் நடுவில் நாலு நாள் புயல் எச்சரிக்கை வந்தது, நாலு நாளும் என் ஏழில் கழிந்தது, மிச்சம் மூன்றே நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வண்டி ஏறினேன். கேட்டால், நாங்களா உன்னை வண்டியில் வைத்திருந்தோம், வீட்டில்தானே இருந்தாய் என்பார்கள். நியாயம் போலவே தெரியும். ஆனால் எப்போது கூப்பிடுவார்களோ என்று போனைக் கையில் பிடித்தபடி, ஊரைத் தாண்டிப் போக முடியாமல் கிடப்பதை ஓய்வில் சேர்க்க முடியாது. கடல் அடைத்த நாள் ஆஃப் கணக்கில் வராது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பாதிப் பாதி என்றாவது வாங்கலாம்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு போனால் சம்பாதிக்கலாம். 14 நாளும் ஓட்டம் என்றால் இராத்திரி ஓட்டம்தான், பகலில் ஹார்பர் ஓரம் வெக்கையில் கேபினுக்குள் தூக்கம், அதற்குப் பெயர் தூக்கம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஏழு நாள் வீட்டில் ஊரோடு ஒத்து இராத்திரித் தூக்கம். உடம்பு அந்தப் பக்கம் திரும்பி முடிக்கிற நேரத்தில் மறுபடி வண்டி. எனக்கு ஆபத்து வந்ததெல்லாம் ஓட்டத்தின் கடைசியில் இல்லை, வீட்டிலிருந்து திரும்பிய முதல் இரவில். நன்றாக ஓய்வெடுத்துவிட்டுத்தானே வருகிறோம் என்று நினைப்போம், ஆனால் காலையில் ஆறு மணிக்கு எழுந்தவன் மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்டியரிங் பிடித்திருந்தால் அவன் 21 மணி நேரமாக விழித்திருக்கிறான். டிரைவர்களுக்கான கண் பரிசோதனை முகாம் ஒன்றில் ஒரு டாக்டர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: 17 மணி நேரம் விழித்திருப்பவனுடைய நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனுடைய நிதானத்துக்குச் சமமாம். நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. ஊதச் சொல்லும் போலீஸ்காரரிடம் நாம் தப்பிவிடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயல்குடி தாண்டி வேம்பார் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஓட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் பனையும், நேரான ரோடு, எதிரில் வண்டி வராவிட்டால் கண்ணுக்கு வேலையே இல்லை. அப்படி ஒரு முதல் இரவில், கருவேல முள் இடது பக்கக் கண்ணாடியைக் கிறீச்சென்று கீறிய சத்தத்தில்தான் முழித்தேன். வண்டி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறது, கிளீனர் பையன் குறட்டை விடுகிறான். கண் மூடியதே எனக்குத் தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடும், நாலு வினாடி கண் சொருகினால் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தைத் தாண்டிய தூரம். வழியில் மாடு படுத்திருந்தாலோ, எதிரில் பஸ் வந்திருந்தாலோ இதை எழுத நான் இல்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நின்றேன், கால் நடுங்கியது, அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் நான் செய்துகொண்ட ஏற்பாடு இது. வீட்டில் இருக்கும் கடைசி இரண்டு இரவு மட்டும் வேண்டுமென்றே ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்திருந்துவிட்டுக் காலையில் தாமதமாக எழுவேன். வண்டி ஏறும் நாள் மதியம் சாப்பிட்டதும், வீட்டில் யார் வந்தாலும் சரி, இரண்டு மணி நேரம் இருட்டு அறையில் படுத்துவிடுவேன். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் எமன் நேரம், அந்த நேரத்துக்குள் ஒரு தடவை கட்டாயம் நிறுத்துவேன். நிறுத்தியதும் ஒரு கட்டங்காப்பி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூட வேண்டும், காப்பி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது எழுந்துவிடலாம். முகம் கழுவுவது, பாட்டுப் போடுவது, ஹான்ஸ் புகையிலை வைப்பது எல்லாம் பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். லேட் ஆனால் மார்க்கெட் விலை போய்விடும் என்று கத்துவார்கள். கத்தட்டும். 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, ஐந்து மணி நேர வேலைக்கு அப்புறம் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். மீன் ஏற்றுகிற இடத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டு விஷயம். ஏழு நாள் வீட்டில் என்றதும் என் மனைவி போட்ட திட்டமெல்லாம் முதல் சுற்றிலேயே கலைந்தது. முதல் இரண்டு நாள் பகலில் தூக்கம், இரவில் கொட்டக் கொட்ட முழிப்பு. பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுவேன். “நீங்க வண்டில இருக்கப்பவே நிம்மதியா இருந்துச்சுங்க” என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அது சுருக்கென்று தைத்தது, ஆனால் உண்மை. சொந்தக்காரர்களுக்கோ நாம் வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் இருப்பதாக நினைப்பு, ரேஷன் கடை, காதுகுத்து, யாருக்காவது ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் துணை என்று எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது முதல் ஒன்றரை நாள் எதுவும் கிடையாது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் குடும்பத்துக்கு. முக்கியமான எந்த வேலையையும் கடைசி நாளில் வைப்பதில்லை, ஏனென்றால் அந்த நாளைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளும்.

பறிப்பதற்குக் காரணம் மூன்றாவது டிரைவர். மூன்று பேரில் ஒருத்தர் நின்றுவிட்டால் மிச்சம் இரண்டு பேருக்கும் ஆஃப் கிடையாது, ஏற்பாடே அப்படித்தான். எங்களோடு ஓட்டிய பெரியவர் ஒருத்தர் முதுகுவலி என்று நின்றுவிட்டார், புது ஆள் கிடைக்கவில்லை. ஒரு வாரம் பொறு, சேர்த்து வாங்கிக்கொள் என்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுப் பக்கம் போகாமல் ஓட்டினேன். சேர்த்துத் தருவதாகச் சொன்ன நாளும் வரவில்லை, அந்த நாளுக்கான காசும் வரவில்லை. நடுவில் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், போயே ஆகவேண்டும் என்றதும், ஆக்டிங் டிரைவரை நீயே பிடித்துப் போட்டுவிட்டுப் போ என்றார்கள். ஒரு நாளைக்கு 1,500, மூன்று நாளைக்கு 4,500, என் பாக்கெட்டிலிருந்து. என் ஓய்வு நாளில் வீட்டுக்குப் போக நான் காசு கொடுத்தேன், வேறென்ன சொல்ல. ஆஃப் நாளில் கூப்பிட்டால் அன்றைக்கு ஆக்டிங் டிரைவருக்கு என்ன ரேட்டோ அதே ரேட்டு எனக்கும் வேண்டும் என்று கேளுங்கள். கொடுக்கிறார்களோ இல்லையோ, அப்படிச் சொல்கிற ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எல்லாவற்றையும் விட அதிகமாக நான் அடி வாங்கியது வண்டி கைமாறுகிற நேரத்தில். ஒரே ஆள் ஓட்டுகிற வண்டியில் என்ன நடந்தாலும் யார் என்பதில் சந்தேகம் இல்லை. மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டும்போது எல்லாப் பழியும் தேடி வருவது, கணக்குப் பார்க்கிற நாளில் வண்டியில் இருக்கிறவன் தலைக்குத்தான். பொதுவாக மாற்று நடப்பது இராத்திரி, ஹார்பர் வாசலிலோ ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தான் பக்கம் ரோட்டோரத்திலோ. இறங்குகிறவனுக்கு வீட்டுக்கு ஓடும் அவசரம், நமக்கு லோடு ஏற்றும் அவசரம், சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு “எல்லாம் சரியா இருக்கு மாப்ள” என்று கிளம்பிவிடுவான். அப்படி வாங்கிய வண்டியில்தான் ஒரு தடவை ஆட் புளூ, அதாவது புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றுகிற திரவம், சுத்தமாகத் தீர்ந்து, செங்கோட்டை தாண்டி மலை ஏற்றத்தில் இழுவை குறைந்து, மீன் பெட்டியோடு ஊர்ந்துகொண்டே போனேன். பிஎஸ் 6 என்கிற புதுப் புகை விதிப்படி வந்த வண்டியில் டீசல் மட்டும் பார்த்தால் போதாது என்பது அன்றைக்கு உறைத்தது. இன்னொரு தடவை டீசல் ஷார்ட்டேஜ், அதாவது ஓடிய தூரத்துக்கு மேல் டீசல் போயிருக்கிறது என்று 12,000 பிடித்தார்கள். மைலேஜ் கணக்கு மாதத்துக்கு மொத்தமாகப் போட்டிருந்தார்கள், அதில் பாதி நாள் நான் வீட்டில். பின்சக்கரத்துப் புது டயர் ஒன்று எப்படியோ பழைய டயராக மாறியிருந்தது, அதற்கு 9,000. ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு என்று சில்லறைக் கழிவு தனி. நான் எடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அபராதமும் இப்படித்தான் வந்தது. கேரளாவில் 2023 ஜூன் மாதத்திலிருந்து கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள், சீட் பெல்ட் போடாவிட்டால் படம் எடுத்து சலான் அனுப்பிவிடும். அது வருவது ஆர்.சி.யில் இருக்கிற ஓனர் நம்பருக்கு, அதுவும் பல நாள் கழித்து. மேனேஜர் சலான் வந்த தேதியைப் பார்த்து அன்றைக்கு யார் வண்டியில் இருந்தார்களோ அவர்கள் கணக்கில் எழுதுவார். சலானுக்குள்ளே குற்றம் நடந்த தேதி, நேரம், இடம், படம் எல்லாம் இருக்கும். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களும் போட்டால் நாமே பார்க்கலாம். நான் பார்த்தேன், படத்தில் இருந்தது என்னோடு ஓட்டிய இன்னொருத்தர், மீசையோடு தெளிவாகத் தெரிகிறார். அந்தக் காசு மட்டும் அப்போதே திரும்பி வந்தது.

அப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வண்டி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் பத்து நிமிடம் செலவு. கிலோமீட்டர் மீட்டர், டீசல் முள், ஆட் புளூ அளவு மூன்றும் ஒரே படத்தில். ஒவ்வொரு டயர் பக்கவாட்டிலும் அச்சடித்திருக்கும் நம்பர் தனித்தனிப் படம், ஸ்டெப்னியும் சேர்த்து. டூல் பெட்டி, தார்ப்பாய், பாடியில் இருக்கும் கீறல் எல்லாம் ஒரு வீடியோ. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பெர்மிட் தேதி ஒரு பார்வை. 2018இல் பார்மலின் ரசாயனம் கலந்த மீன் பிடிபட்டதிலிருந்து ஆரியங்காவு சோதனைச் சாவடியில் மீன் வண்டி என்றாலே நிறுத்திப் பார்ப்பார்கள், அங்கே போய்ப் பேப்பரைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. எல்லாவற்றையும் முதலாளிக்கும், இறங்குகிற டிரைவருக்கும் அதே நிமிடத்தில் அனுப்பிவிட வேண்டும். போனிலேயே வைத்திருந்தால் அப்புறம் எடுத்த படம் என்பார்கள். முடிந்தால் மாற்று நடக்கும்போது கம்பெனி கணக்கில் டேங்கை நிரப்பிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், ஷார்ட்டேஜ் பேச்சே வராது. கூட ஓட்டுகிறவர்கள் முதலில் முறைப்பார்கள், என்ன எங்களைத் திருடன் என்கிறாயா என்று. உனக்கும் சேர்த்துத்தான் அண்ணே என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஒரிஜினல் லைசென்ஸை மட்டும் ஆபீசில் கொடுத்து வைக்காதீர்கள். நான் வேலையை விடும்போது அதைத் திரும்ப வாங்கவே பல நாள் அலைந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இந்தச் சுற்றெல்லாம் நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கிடையாது, நமக்கும் லோடு கிடையாது. மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று 2023இல் மண்டபத்தில் நடந்த மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார், நல்லது, ஆனால் மீன் ஏற்றும் லாரி டிரைவருக்கு அதில் இடமில்லை. அந்த இரண்டு மாதத்துக்குக் கம்பெனி அட்வான்ஸ் கொடுக்கும், மறுக்காமல் கொடுக்கும். ஏன் என்று ஜூன் மாதம் தெரியும், அட்வான்ஸ் கழியும் வரை வேலையை விட முடியாது, எந்தக் கழிவையும் எதிர்த்துக் கேட்கவும் வாய் வராது. முடிந்த மட்டும் வாங்காதீர்கள். மார்ச் மாதத்திலேயே தடைக்காலத்துக்கு உப்பு லோடோ, கரி லோடோ ஆக்டிங் வேலைக்குச் சொல்லி வையுங்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் அதுதான் வெயில் காலம், உப்பு வாருகிற நேரம். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிந்து வையுங்கள், விபத்து, பிள்ளைகள் படிப்பு என்று அதில் உதவி உண்டு. எங்கள் ஊரில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் பதியவில்லை.

நான் இப்போதும் சுற்று முறையில்தான் ஓட்டுகிறேன், வேறு முதலாளியிடம், பத்து நாள் ஓட்டம், ஐந்து நாள் வீடு. சம்பளம் பழைய இடத்தை விட எண்ணிக்கையில் குறைவு, ஆனால் 30 நாளுக்கும் வருகிறது. புயல் கூண்டு ஏறினால் பாதி நாள்தான் ஆஃபில் கழியும். போகும்போதே ஒரு நோட்டில் இதையெல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம், அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார், அப்புறம் போட்டுவிட்டார். பழைய கம்பெனியில் கடைசி செட்டில்மென்ட்டில் டீசல் காசில் பாதி திரும்ப வாங்கினேன், அதுவும் மைலேஜ் கணக்கை நாள் வாரியாகப் பிரித்துப் போடச் சொல்லி ஆபீஸ் வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து. டயர் காசு 9,000 இன்னும் நிற்கிறது.